ஆளுக்கு முன்னால் கம்பி ஏறட்டும்

சின்னக்கானல், சூரியநெல்லி, பெரியகானல், பூப்பாறைப் பக்கங்களில் சாரம் கட்டும் அண்ணன்மார்களுக்கும் தம்பிமார்களுக்கும்,



பூச்சு வேலைக்காரரும் பெயின்டரும் வயரிங் பையனும் மேலே போகும்போது நிற்கப் பலகை இருக்கிறது, பிடிக்கக் கம்பி இருக்கிறது. அந்தப் பலகையும் கம்பியும் இல்லாத நேரத்தில் அங்கே நின்றவர்கள் நீங்கள். வேலை முடிந்து பச்சை வலை போர்த்திய பிறகு விடுதி முதலாளி கீழே நின்று படம் எடுப்பார். படத்தில் சாரம் பத்திரமாகத்தான் தெரியும். அதைக் கட்டிய மூன்று நாளும் எப்படிப் போயின என்பது அதில் விழாது. இறக்கும்போதும் இதே கதைதான். எல்லோரும் இறங்கிப் போன பிறகு, கைப்பிடியை முதலில் கழற்றிவிட்டு, கழற்றிய இடத்திலேயே நின்றுகொண்டு அடுத்த கம்பியைக் கழற்றுகிறவர் உங்களில் ஒருவர்.

நான் சூரியநெல்லி லயத்தில் பிறந்தவன். வளைகுடாவில் பல ஆண்டு சாரம் கட்டினேன், பிறகு கட்டுகிறவர்களை மேற்பார்வையிட்டேன், இப்போது போடியில் இருக்கிறேன். மலைக்கு வரும்போதெல்லாம் கண் தானாகச் சாரத்தின் பக்கம் போய்விடுகிறது. கேப் ரோட்டில் எல்லோரும் பள்ளத்தாக்கைப் பார்க்க, நான் தூரத்துக் கட்டடத்தில் எத்தனை பேர் பெல்ட் மாட்டியிருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருப்பேன். என்னோடு மூணாறு வருவதற்கு வீட்டில் யாருக்கும் விருப்பம் இல்லை.

வெளியூர்க்காரருக்குச் சின்னக்கானல் என்றால் அரிக்கொம்பன். 2023 ஏப்ரல் 29-ல் மயக்க ஊசி போட்டு அந்த யானையை லாரியில் ஏற்றியதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. உங்களுக்குச் சின்னக்கானல் என்றால் சரிவு. ரோட்டிலிருந்து பார்த்தால் இரண்டு மாடி, பின்னால் போய்ப் பார்த்தால் ஐந்து மாடி. இப்படித்தான் இங்கே கட்டடம் நிற்கிறது. முன்பக்கம் சாரம் கட்ட ஏணியே போதும்போல இருக்கும். பின்பக்கம் அதே சாரத்தின் கால்கள் ஏலக்காட்டுக்குள் இறங்கி நிற்கும். விழுந்தால் நிலத்தில் விழுவதோடு முடியாது, சரிவில் உருண்டும் போக வேண்டும். சமதளத்தில் எழுதிய பாதுகாப்புப் புத்தகங்களில் இந்த இரண்டாவது பாதி இருக்காது.

இந்தப் பக்கத்து வேலையிடங்களில் அடிக்கடி கேட்கும் வாக்கியம் ஒன்று உண்டு: “எல்லாருக்கும் பெல்ட் கொடுத்தாச்சு.” சூப்பர்வைசர் சொல்வார், காண்ட்ராக்டர் சொல்வார், விபத்து நடந்தால் போலீஸ் ஸ்டேஷனிலும் அதையே சொல்வார்கள். உங்களில் ஒருவராவது திருப்பிக் கேட்டிருக்கிறீர்களா, “கொக்கியை எதில் மாட்ட?” என்று? சாரம் கட்டுகிறவனின் சிக்கலே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. மற்ற வேலைக்காரருக்குக் கொக்கி மாட்டச் சாரம் இருக்கிறது. நீங்கள் ஏறும் இடத்தில் அந்தக் கம்பியே இன்னும் வரவில்லை. வந்திருந்தாலும் கிளாம்ப் பாதிதான் முறுக்கியிருக்கும்.

கணக்காகவே பார்ப்போம். சந்தையில் கிடைக்கும் முழு உடல் பெல்ட்டின் கயிறு பெரும்பாலும் 1.8 மீட்டர் வரை வரும். அதோடு அதிர்ச்சி தாங்கும் மடிப்பு ஒன்று தைத்திருப்பார்கள். விழும் வேகத்தில் அது பிரிந்து நீள்வது ஏறக்குறைய 1 மீட்டர். முதுகு வளையத்திலிருந்து உங்கள் பாதம் வரை 1.5 மீட்டர். பட்டைகள் இழுபடுவதற்கும் கொஞ்சம் கைவசம் இருப்பதற்கும் 1 மீட்டர். மொத்தம் 5 மீட்டரைத் தாண்டுகிறது. கொக்கி மாட்டிய இடத்துக்குக் கீழே இவ்வளவு வெற்றிடம் இருந்தால்தான் பெல்ட் உங்களைத் தரைக்கு மேலே நிறுத்தும். முதல் தட்டு 2 மீட்டரில் இருக்கிறது. அங்கே இடுப்பு உயரத்துக் கம்பியில் கொக்கி மாட்டினால் தரையிலிருந்து 3 மீட்டர்தான். கயிறு இறுகும் முன்பே நீங்கள் தரையில் கிடப்பீர்கள். இரண்டாம் தட்டில் இடுப்பு உயரத்தில் மாட்டினாலும் கணக்கு இடிக்கிறது. தலைக்கு மேலே மாட்டினால்தான் அங்கே தேறும்.

அதனால் முதல் இரண்டு தட்டிலும் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு கவலையில்லாமல் நிற்பவரைப் பார்த்தால் எனக்குக் கூடுதல் பயம். சினிமாவில் விழுகிறவர் அலறிக்கொண்டே வருவார், கீழே ஒருவர் ஓடிவந்து பிடிப்பார். 6 மீட்டரிலிருந்து தரையைத் தொட ஒரு விநாடிக்குச் சற்று மேல்தான் ஆகும். தொடும்போது வேகம் மணிக்கு 39 கிலோமீட்டர். கை நீட்டிக் கம்பியைப் பிடிக்கலாம் என்ற நினைப்பு மனதில் எழுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

இடுப்பில் மட்டும் கட்டும் பழைய பெல்ட்டைப் பற்றி ஒரு வரி போதும். விழுந்தவரைத் தாங்கிப் பிடிக்க அதைப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்காவில் 1998 ஜனவரி 1 முதல் விதி. விழுந்த வேகம் முழுவதும் வயிற்றிலும் முதுகெலும்பிலும் இறங்கும். உங்கள் வேலையிடத்தில் இன்னும் அது தொங்கினால் எடுத்து ஆட்டுக்குட்டியைக் கட்டுங்கள்.

பெல்ட் வேண்டாம் என்கிறேனா? அப்படி யாரும் படித்துவிட வேண்டாம். பெல்ட் கடைசி வரிசையில் வர வேண்டிய பொருள், அதை முதல் வரிசையில் வைத்துவிட்டோம் என்பதுதான் என் வழக்கு. முதல் வரிசையில் வர வேண்டியது வேலையின் வரிசை. நீங்கள் ஒரு தட்டுக்கு ஏறுவதற்கு முன்பே அந்தத் தட்டின் கைப்பிடிக் கம்பி அங்கே போயிருக்க வேண்டும்.

ஆள் இல்லாத இடத்துக்குக் கம்பி எப்படிப் போகும் என்று சிரிப்பீர்கள். போகும். நீங்கள் நிற்கும் தட்டு முழுதும் பலகை அடைத்து, கைப்பிடியோடு முடிந்துவிட்டது என்று வையுங்கள். அடுத்த தட்டு தலைக்கு மேலே, 2 மீட்டரில். அதன் கைப்பிடி வர வேண்டியது அதற்கும் ஒரு மீட்டர் மேலே, அதாவது உங்கள் பாதத்திலிருந்து 3 மீட்டரில். கைக்கு எட்டாது. ஆனால் குத்துக்கால்களில் அரை மீட்டர் உயரத்தில் இரண்டு குட்டைக் கம்பி பூட்டி, ஒரு பலகை போட்டு, அதன்மேல் ஏறி நின்றால் எட்டும். அந்தப் படியில் நிற்கும்போது உங்கள் பக்கத்துக் கைப்பிடி முழங்கால் அளவுக்கு இறங்கிவிடும் என்பதால், இன்னொரு கம்பியை அதற்கு மேலே முதலில் பூட்ட வேண்டும். பிறகு மேல்தட்டின் கைப்பிடியைக் கீழிருந்தபடியே பூட்டலாம், பலகையையும் கீழிருந்தே தள்ளி ஏற்றலாம். அதற்கப்புறம் நீங்கள் ஏறும்போது உங்களுக்கு முன்னால் கம்பி நிற்கும். குத்துக்கால் மட்டும் அடுத்த தட்டுக்கு மேலே ஒரு மீட்டருக்குக் குறையாமல் நீண்டிருக்க வேண்டும். 6 மீட்டர் பைப்பில் இது சிரமமே இல்லை.

இது நான் கண்டுபிடித்ததல்ல. பிரிட்டனில் சாரம் கட்டும் நிறுவனங்களின் சங்கம் 1995-லேயே கட்டுகிறவர்கள் விழாமல் இருப்பதற்கென்று தனி வழிகாட்டி வெளியிட்டது. பல தடவை திருத்திய பிறகு, மேலே போகிறவன் முழுப்பலகையும் கைப்பிடியும் உள்ள இடத்தில்தான் நிற்க வேண்டும், பெல்ட் அதற்கு மேல்தான் என்ற இடத்துக்கு அது வந்து சேர்ந்தது. ஜெர்மனியில் 2019-ல் திருத்திய விதியும் ஆளுக்கு முன் கைப்பிடி என்பதைத்தான் முன்வைக்கிறது. அமெரிக்கச் சட்டம் கொஞ்சம் வழுக்குகிறது. சாரத்தில் நின்று வேலை பார்ப்பவருக்கு 10 அடிக்கு மேல் பாதுகாப்புக் கட்டாயம் என்று சொல்லிவிட்டு, கட்டுகிறவருக்கும் பிரிக்கிறவருக்கும் மட்டும், தகுதியுள்ள ஒருவர் பார்த்து அது சாத்தியமா, அதனால் வேறு ஆபத்து வருமா என்று தீர்மானிக்கலாம் என்று 1997 செப்டம்பரிலிருந்து வைத்திருக்கிறார்கள். சட்டம் எழுதியவர்களையே உங்கள் வேலை திணறடித்திருக்கிறது. அந்த விலக்கு எனக்குப் பிடிக்கவில்லை. “முடியாது” என்று சொல்லும் உரிமையை ஒருவர் கையில் கொடுத்தால், அவசரமான நாளில் எல்லாமே முடியாததாகிவிடும்.

இரும்புப் பைப்பில் இவ்வளவும் சரி, நாங்கள் கட்டுவது கிராண்டிஸ் கம்பில் ஆயிற்றே என்று ஒரு தம்பி கேட்பான். நியாயமான கேள்வி. தேயிலைத் தொழிற்சாலை அடுப்புக்காக வளர்த்த மரம் நம் பக்கம் மலிவு, கைக்கு எட்டும் தூரம். அதையும் கயிற்றையும் வைத்துக் கோபுர உச்சி வரை போகும் கைத்தேர்ச்சி நம் ஆட்களுக்கு உண்டு. கும்பாபிஷேகத்துக்குச் சவுக்குக் கம்பில் கோபுரத்தைச் சுற்றிச் சாரம் எழுப்பும் நேர்த்தியைப் பார்த்து நானே நின்றிருக்கிறேன். ஆனால் கம்புச் சாரத்தில் கொக்கி மாட்டாதீர்கள். கட்டுக் கயிறு மழையில் ஊறி வெயிலில் காய்ந்து எந்த நிலையில் இருக்கிறதென்று கண்ணால் சொல்ல முடியாது. நல்ல பெல்ட்டே விழும் ஆளை நிறுத்தும்போது இழுவை 600 கிலோ எடை அளவுக்குப் போகலாம். ஓர் ஆளுக்கு இரண்டு டன்னுக்கு மேல் தாங்கும் பிடிப்பு வேண்டும் என்று அமெரிக்க விதி கேட்பது அதனால்தான். இரண்டு மடிச்சல் கயிற்றில் நிற்கும் கிராண்டிஸ் கம்பிடம் அதை எதிர்பார்க்க முடியுமா?

கம்புச் சாரமாக இருந்தால் பிடிப்பைக் கட்டடத்திடம் கேளுங்கள். நன்றாக இறுகிய கான்கிரீட் தூணைச் சுற்றி அகலப் பட்டை ஒன்றை வளைத்து, அதிலிருந்து தனி உயிர்க்கயிறு கீழே தொங்கட்டும். ரோப் கிராப் என்று ஒரு பிடிப்பான் விற்கிறார்கள். ஏறும்போது கயிற்றில் கூடவே ஏறும், திடீரென்று இழுபட்டால் கயிற்றைக் கவ்விக்கொள்ளும். ஆளுக்கு ஒரு கயிறு, கயிற்றுக்கு ஒரு ஆள். ஜன்னல் கிரில், தண்ணீர்க் குழாய், செங்கல் கைப்பிடிச் சுவர், புதிதாக அடித்த ஆணி, இவை எதிலும் உயிரைக் கட்டாதீர்கள். தூணின் விளிம்பு கூராக இருந்தால் பட்டைக்கு அடியில் சாக்கு மடித்து வையுங்கள்.

“நன்றாக இறுகிய” என்று சொன்னேனே, அதன் பின்னால் ஒரு பெரிய சாவு இருக்கிறது. 1978 ஏப்ரல் 27, அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் வில்லோ தீவு என்ற இடம். மின் நிலையத்துக்குக் குளிர்விப்புக் கோபுரம் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். அங்கே சாரம் தரையிலிருந்து எழும்பவில்லை. அன்றன்று ஊற்றிய கான்கிரீட் சுவரிலேயே பூட்டி, சுவர் உயர உயரச் சாரமும் மேலே போகும். அன்று காலை சாரத்தைத் தாங்கியது முந்தின நாள் ஊற்றிய கான்கிரீட். குளிர் காரணமாக அது போதிய வலு பெற்றிருக்கவில்லை. சுவரின் மேல்வளையம் உரிந்து சாரத்தோடு சுற்றிலும் சரிந்தது. மேலே நின்ற 51 பேரும் இறந்தார்கள், ஒருவர்கூட மிஞ்சவில்லை. நம் மலையில் டிசம்பர், ஜனவரியில் இரவுக் குளிர் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். சமவெளியில் மூன்று நாளில் இறுகும் கான்கிரீட் இங்கே அதே மூன்று நாளில் அதே வலுவுக்கு வராது. சுவரில் துளை போட்டுச் சாரத்தை இழுத்துக் கட்டுவதற்கு முன், உயிர்க்கயிற்றைத் தூணில் சுற்றுவதற்கு முன், “எப்ப ஊத்தினது?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

சாரத்தைக் கட்டடத்தோடு இழுத்துக் கட்டுவதும் விழாமல் காக்கும் வேலையின் ஒரு பகுதி. ஆள் மட்டும் விழுவது ஒரு வகை, சாரமே ஆளோடு விழுவது இன்னொரு வகை. இரண்டாவதில் பெல்ட் உங்களுக்கு எதிரியாகிவிடும், சரியும் இரும்போடு உங்களைக் கட்டி வைத்திருக்கும். 2025 செப்டம்பர் 30-ல் எண்ணூரில் கட்டிக்கொண்டிருந்த அனல்மின் நிலையத்தில் இரும்பு வளைவும் சாரமும் சரிந்து 9 தொழிலாளர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் அசாமிலிருந்து வந்தவர்கள். பெரிய நிறுவனங்கள் கைவைத்த வேலை அது. பெரிய இடத்து வேலை என்றால் எல்லாம் சரியாக இருக்கும் என்று நினைக்கும் தம்பிகளுக்காக இதைச் சொல்கிறேன். உங்கள் பக்கத்திலும் விடுதி வேலையில் உயரத்திலிருந்து விழுந்து ஆளை இழந்த வீடுகள் உண்டு. அந்தப் பெயர்களை நான் எழுதப் போவதில்லை. உங்களுக்கே தெரியும்.

அகலத்தைப் போல நான்கு மடங்குக்கு மேல் உயரம் போகும் சாரத்தைக் கட்டடத்தில் கட்டாமல் விடக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றும் கணக்கு. ஒன்றேகால் மீட்டர் அகலச் சாரம் என்றால் 5 மீட்டரிலேயே முதல் கட்டு விழுந்திருக்க வேண்டும். இங்கே அது போதாது என்பது என் எண்ணம். கேப்பிலிருந்து இறங்கும் காற்றுக்கு ஒரு கணக்கும் கிடையாது. அதோடு மழைக்காலத்தில் பூச்சு நனையாமல் இருக்க நீலத் தார்ப்பாயைச் சாரத்தைச் சுற்றிக் கட்டிவிடுவார்கள். அப்போது உங்கள் சாரம் பாய் விரித்த தோணி. பாய் கட்டச் சொன்னால் கட்டுகளை இரட்டிப்பாக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் பாயைக் கட்டாதீர்கள்.

கால்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சரிவில் குத்துக்காலை நிறுத்த ஹாலோ பிரிக் அடுக்குவது, கல்லை அணை கொடுப்பது, இவையெல்லாம் ஜூன் முதல் மழை வரைதான். மண்ணைப் படியாக வெட்டிச் சமப்படுத்துங்கள், நீளப் பலகை போடுங்கள், அதன்மேல் தகடு, அதன்மேல் ஜாக்கி. ஜாக்கி உயரத்தைச் சரி செய்யத்தான், குழியை நிரப்ப அல்ல. ஒவ்வொரு மழை முடிந்ததும் முதலில் கால்களைப் போய்ப் பாருங்கள், ஏறுவது பிறகு. பின்பக்கச் சரிவில் விழுந்தால் உருளும் இடம் என்று தெரிந்தால், அங்கே பாதுகாப்பு வலை கேட்பதும் உங்கள் உரிமை. மணல் சலிக்கும் வலையோ பச்சை நிழல் வலையோ ஆளைத் தாங்காது. அதற்கென்று இந்தியத் தரமுத்திரையோடு தனி வலை இருக்கிறது.

மின்கம்பிப் பக்கமும் கொஞ்சம் கண் வையுங்கள். 6 மீட்டர் இரும்புப் பைப்பை நிமிர்த்தும்போது மேலே போகும் மின்கம்பியைத் தொட்டு, அதிர்ச்சியில் விழுகிறவரைப் பெல்ட் காப்பாற்றினாலும் மின்சாரம் விடாது. மஞ்சு இறங்கி, மேலே நிற்பவருக்குக் கீழே நிற்பவர் முகம் தெரியவில்லை என்றால் அன்றைக்கு அவ்வளவுதான். ஈரப் பைப்பில் குளிரில் விறைத்த விரல் எவ்வளவு பிடிக்கும் என்று மேஸ்திரிக்கும் தெரியும். காலையில் குளிருக்கு ஒரு கட்டிங் போட்டுவிட்டு ஏறுகிற அண்ணன்மார்களிடம் நான் விவாதம் செய்யப் போவதில்லை. அவர்கள் அன்று கீழே நின்று பைப் எடுத்துக் கொடுக்கட்டும்.

இந்தப் பக்கத்துக்கே உரிய ஆபத்து ஒன்றை எந்தப் புத்தகத்திலும் நான் பார்க்கவில்லை. அரிக்கொம்பன் போய்விட்டாலும் ஆனையிறங்கல் சுற்றுவட்டாரத்தில் யானைகள் இருக்கின்றன. இருட்டுவதற்குள் வீடு சேர வேண்டும் என்று சாயங்காலமானால் எல்லோருக்கும் கால் பரபரக்கும். ஜீப்காரர் ஹாரன் அடிப்பார். அந்தக் கடைசி அரை மணி நேரத்தில்தான் சாரத்தை அவசரமாகப் பிரிப்பது, பூட்டாத கிளாம்ப்பை “நாளைக்குப் பார்த்துக்கலாம்” என்று விடுவது, பெல்ட்டைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு இறங்குவது எல்லாம் நடக்கின்றன. பிரிக்கும் வேலையைக் காலையில் மட்டும் வையுங்கள். மூன்று மணிக்குப் பிறகு மேலே புதிதாக எதையும் தொடாதீர்கள். முடிக்காத தட்டில் ஏறும் ஏணியை எடுத்துக் கீழே படுக்க வைத்துவிட்டுப் போங்கள். வளைகுடாவில் முடிந்த சாரத்துக்குப் பச்சை அட்டை, முடியாததற்குச் சிவப்பு அட்டை தொங்கும். நமக்கு அட்டை வேண்டாம், ஏணி இல்லையென்றால் காலையில் முதலில் வரும் பெயின்டர் ஏற மாட்டார்.

இனி ஒருவர் விழுந்து பெல்ட் அவரைப் பிடித்துவிட்டது என்று வையுங்கள். எல்லோரும் அப்பாடா என்பார்கள். அங்கேதான் இரண்டாவது கண்டம். அந்தரத்தில் அசையாமல் தொங்கும்போது தொடைப் பட்டைகள் அழுத்தி, ரத்தம் கால்களிலேயே தங்கிவிடும். சில நிமிடங்களில் மயக்கம் வரலாம், நேரம் போனால் உயிரும் போகலாம். மூணாறிலிருந்து தீயணைப்பு வண்டி வளைவுகளைக் கடந்து வரும்வரை அவரால் தொங்கிக்கொண்டிருக்க முடியாது. அதனால் காலையில் வேலை தொடங்கும்போதே இறக்குவதற்கு யார், எந்த ஏணி, எந்தக் கயிறு என்று பேசி வையுங்கள். தொங்குகிறவர் பாதத்தை வைத்து அழுத்தி நிற்க ஒரு கயிற்று வளையம் எறிந்தால்கூட அது பெரிய உதவி. கீழ்த்தட்டில் நின்று அவரை உள்ளே இழுத்துக்கொள்வதுதான் எளிது. அதற்குக் கீழ்த்தட்டில் பலகை இருக்க வேண்டும். மேலே ஏறும்போது கீழ்ப் பலகையை உருவிக்கொண்டு போகும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. பலகை வாடகைக் கணக்கில் வந்த பழக்கம் அது. இறக்கிய பிறகு அவர் நன்றாகப் பேசினாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். விழுந்தவரைப் பிடித்த பெல்ட்டை அறுத்துப் போடுங்கள், அதன் தையல் ஒரு முறைக்குத்தான்.

சட்டத்தை நீட்டி எழுதப் போவதில்லை. 1996-ன் கட்டடத் தொழிலாளர் சட்டமும் அதன்கீழ் 1998-ல் வந்த மத்திய விதிகளும், பொறுப்பான ஒருவரின் மேற்பார்வை இல்லாமல் சாரத்தைக் கட்டவோ மாற்றவோ பிரிக்கவோ கூடாது என்றுதான் சொல்லின. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் இந்தப் பழைய சட்டங்களின் இடத்தை எடுத்துக்கொண்டன. சட்டத்தின் பெயர் மாறியிருக்கிறது, முதலாளியின் பொறுப்பு மாறவில்லை. பெல்ட், வலை, கயிறு எதற்கும் உங்கள் கூலியில் பிடிக்கக் கூடாது.

ஆனால் இழப்பீட்டுக் கணக்கு ஒன்றை மட்டும் வீட்டில் சொல்லி வையுங்கள். பழைய 1923-ன் இழப்பீட்டுச் சட்டக் கணக்குப்படி வேலையில் இறந்தவரின் மாதக் கூலியில் பாதியை, வயதுக்கு ஏற்ற ஓர் எண்ணால் பெருக்க வேண்டும். 30 வயதுக்கு அந்த எண் 207.98. கூலி எவ்வளவு வாங்கினாலும் கணக்கில் எடுத்துக்கொள்ளும் உச்சம் மாதம் 15,000 என்று 2020-ல் வைத்தார்கள். 7,500-ஐ 207.98-ஆல் பெருக்கினால் 15,59,850 ரூபாய். விபத்து நடந்த அன்று இரவே வந்து இரண்டு லட்சத்தைக் கையில் வைத்து வெள்ளைத்தாளில் கையெழுத்து கேட்பவர்களுக்கு இந்த எண் நன்றாகத் தெரியும். உங்கள் வீட்டுக்காரிக்கும் தெரிந்திருக்கட்டும். சப் காண்ட்ராக்டர் காணாமல் போனால், வேலையைக் கொடுத்த தலைமை முதலாளியிடம் கேட்கவும் அந்தச் சட்டம் வழி வைத்திருந்தது.

இன்னொரு சிக்கல் நமக்கே உரியது. லயத்தில் பிறந்து கேரள வாக்காளராக இருப்பவரும் போடியிலிருந்தோ கம்பத்திலிருந்தோ வந்து போகிறவரும் ஒரே சாரத்தில் நிற்கிறார்கள், ஒரே தமிழ் பேசுகிறார்கள், ஆனால் கையிலிருக்கும் அட்டை வேறு. முதலாமவர் கேரளக் கட்டடத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும். வெளிமாநிலத்தவருக்குக் கேரள அரசு 2017-ல் தொடங்கிய ஆவாஸ் காப்பீட்டில் விபத்து மரணத்துக்கு 2 லட்சம் உண்டு. பெங்காலி, அசாமியப் பையன்களுக்கும் அதைச் சொல்லுங்கள், அவர்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. எந்த வாரியத்திலும் இல்லாமல் இரண்டு மாநிலத்துக்கும் நடுவில் நிற்பவர்தான் நம்மில் அதிகம்.

கடைசியாக மேஸ்திரிமார்களுக்கு. கொட்டேஷன் கொடுக்கும்போது நீங்கள் சதுர அடிக்கு ஒரே விலை சொல்கிறீர்கள். பக்கத்து மேஸ்திரி அதைவிட இரண்டு ரூபாய் குறைத்துச் சொல்கிறார். அந்த இரண்டு ரூபாய் எங்கிருந்து வருகிறது? கைப்பிடிக் கம்பியிலிருந்தும், மூன்றுக்குப் பதில் இரண்டாகப் போட்ட பலகையிலிருந்தும், வாங்காமல் விட்ட இரட்டைக் கொக்கிக் கயிற்றிலிருந்தும் வருகிறது. அதனால் அடுத்த கொட்டேஷனைப் பிரித்து எழுதுங்கள். கைப்பிடிக் கம்பியும் கிளாம்ப்பும் ஒரு வரி. ஏறிப் பூட்டும் படி ஒரு வரி. இரட்டைக் கொக்கி உள்ள முழு உடல் பெல்ட் ஆள் கணக்கில் ஒரு வரி, ஒரு கொக்கியைக் கழற்றும்போது இன்னொன்று மாட்டியிருக்க வேண்டும் அல்லவா. உயிர்க்கயிறும் ரோப் கிராப்பும் ஒரு வரி. தாடைப் பட்டை உள்ள ஹெல்மெட் ஒரு வரி, பட்டை இல்லாத ஹெல்மெட் இந்தக் காற்றில் உங்களுக்கு முன்னால் விழும். முதலாளி அந்த வரிகளை அடித்தால் அடிக்கட்டும், ஆனால் தன் பேனாவால் அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டுத் தரட்டும். நான் பார்த்த வரையில் கையெழுத்து என்றதும் பாதிப் பேர் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்கள்.

சூரியநெல்லி, பூப்பாறை மேஸ்திரிமார்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து இந்த வரிகளுக்கு எல்லோரும் ஒரே விலை என்று பேசி முடித்தால், குறைத்துச் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள். பூப்பாறையில் கூடுவதாக இருந்தால் சொல்லி அனுப்புங்கள். போடிமெட்டு ஏறி வந்துவிடுகிறேன். அந்த அரை மீட்டர்ப் படியை எப்படிப் பூட்டுவது என்று நான்கு பைப்பும் எட்டு கிளாம்ப்பும் இருந்தால் தரையிலேயே காட்டிவிடலாம்.

அன்புடன்,
போடியிலிருந்து ஒரு பழைய சாரக்காரன்